என் ஈறுக்கு லேசரும் வைத்தார்கள், கத்தியும் வைத்தார்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு முறை நோட்டை எடுத்து உட்கார்ந்து, முதல் பக்கம்கூட முடியாமல் மூடி வைத்தேன். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு எழுத்தெல்லாம் எதுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணம் இல்லை. வெட்கம்தான் காரணம். எனக்கு நடந்ததில் பாதியை மட்டும் ஊருக்குச் சொன்னேன். அந்தப் பாதியை நம்பிய ஒருவருக்குப் பல் போனது. அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன். மாரியம்மன் துணை.

சாணார்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு அரவை மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, அரிசி, கேப்பை எல்லாம் அரைப்போம். வீட்டில் மனைவி செல்வி, மகள் கவிதா. கவிதா ஆறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவில் அலகு குத்துகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். அந்த வருஷத்தில் இருந்து ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வருகிற அலகோடு கோயிலைச் சுற்றி வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் அலகு குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் வராது. வந்தால் அந்த ஆள் மேல் ஏதோ குறை. யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் பேச்சு இருக்கும். எனக்கு வந்ததில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையே இருந்தது.

அப்படி இருந்த வாயில்தான் ஒருநாள் வேப்பங்குச்சியில் பல் விளக்கும்போது சிவப்பாக வந்தது. மறுநாளும் வந்தது. விரதத்தில் எங்கோ தப்பு நடந்துவிட்டது, அம்மன் காட்டிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மில்லுக்குப் பின்னால் போய்ப் பல் விளக்கி, துப்பிய இடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். மில்லில் தூசிக்காக வாயில் துண்டு கட்டியிருப்பதால் வாய் நாற்றமும் யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு விளக்கு அதிகமாகப் போட்டேன். கறி, மீனை அடியோடு விட்டேன். பல் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓட்டினேன். வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. ஈறு நோய் வலிக்காமலே முற்றும் என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் செல்விதான் பிடித்தாள். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏங்க, வாயத் தெறங்க."

"ஒண்ணுமில்ல, விடு."

"ஒண்ணுமில்லாமத்தான் ஒரு வாரமா முருங்கக்காயச் சப்பாம ஓரத்துல ஒதுக்குறீகளா? தெறங்கன்னா."

திறந்தேன். கவிதா போன் வெளிச்சத்தை அடித்தாள். செல்வி அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டாள். "ஆத்தாடி, ஈறு இம்புட்டு வீங்கிக் கெடக்கு! முன்பல்லுல பாதியக் காணோம்!"

மறுநாளே திண்டுக்கல்லில் ஈறு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். ஈறுக்கென்று தனியாகப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெளியே பெஞ்சில் பத்துப் பேர். உள்ளே மெஷின் கிர்ரென்று சத்தம் போடும்போதெல்லாம் பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். பக்கத்தில் தாடிக்கொம்புப் பெரியவர் ஒருவர், "மேல்பல்லுல கை வச்சா கண்ணு போயிரும்ப்பா, பாத்துக்க" என்றார்.

செல்வி விடவில்லை. "அப்பறம் நீங்க எதுக்குங்கய்யா வந்திருக்கீக?"

"எனக்குத்தான் ஏற்கெனவே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாச்சே. இனிப் போறதுக்கு என்னத்தா இருக்கு?" என்றார். பெஞ்சே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண் போவதைப் பற்றி உள்ளே கேட்டேன். பல்லுக்கும் கண் பார்வைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் கிடையாது என்று டாக்டரம்மா சொன்னார்.

அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். மரியாதையான பேச்சு. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, "மூணு, மூணு, நாலு" என்று சொல்லச் சொல்ல, கூட இருந்த நர்ஸ் பெண் எழுதிக்கொண்டாள். வலது மேல் கடைவாய்க்கு வந்ததும் "ஏழு, எட்டு, ஏழு" என்றார். நல்ல ஈறு பல்லை ஒட்டிப் பிடித்திருக்குமாம். மூன்று மில்லிமீட்டர் வரை கம்பி இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து சட்டைப்பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் அழுக்கும் கிருமியும் தங்கி, பல்லைத் தாங்குகிற எலும்பைக் கரைத்துவிடும்.

"ரத்தம் எத்தன நாளா வருதுங்க?"

"ஒரு மாசமாங்க."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க, எலும்பு ரெண்டு மூணு வருசக் கதை சொல்லுதுங்களே?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "ரெண்டு வருசம் இருக்குங்க" என்று ஒத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை.

சர்க்கரை பார்த்தார்கள், எல்லையில் இருந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சாப்பிட்ட ரத்தக் கொதிப்பு மாத்திரையில் சிலருக்கு ஈறு வளருமாம். முன்பல்லை மூடியது அதுதான். அந்த மாத்திரை தருகிற எங்கள் டாக்டருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து வேறு மாத்திரை மாற்றவைத்தார். நானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நீங்களும் நிறுத்தாதீர்கள்.

முதலில் பல்லையும் வேரையும் இரண்டு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அளந்தபோது பல இடத்தில் ஈறு தானாகவே ஒட்டியிருந்தது. மிச்சம் இரண்டு இடம். முன்பக்கம் வளர்ந்து மூடிய ஈறு, வலது மேல் கடைவாயில் ஆழமான பை. "முன்னாடி லேசர்ல எடுத்துறலாமுங்க. பின்னாடி கத்தி வச்சுத் திறந்துதான் பார்க்கோணும்" என்றார்.

லேசர் என்று சொன்னதும் என் மனசு அதையே பிடித்துக்கொண்டது. கவிதா போனில் ஏதோ வீடியோ காட்டியிருந்தாள், ரத்தமே வராது என்று. "ரெண்டு பக்கமும் லேசரே வச்சிருங்களேன். காசு கூட ஆனாலும் பரவால்லீங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க மில்லு வச்சிருக்கீங்கதானுங்க? மாவு நைசா வரலீன்னா என்ன பண்ணுவீங்க?"

"கல்லு கொத்துவோங்க."

"மேல்கல்லத் தூக்காம கீழ்க்கல்லக் கொத்த முடியுமுங்களா?"

"அதெப்பிடிங்க முடியும்."

"அதேதானுங்க. முன்னாடி இருக்கிறது மேலாப்புல வளர்ந்த ஈறு. அத லேசர் வெளிச்சத்துல சீவிறலாம். அந்தச் சூட்டுல ரத்தக்குழாய் அப்பவே அடைஞ்சுக்கும், தையல் வேண்டாம். பின்னாடி எலும்புல குழி விழுந்திருக்குது. ஈறைத் தூக்கிக் கண்ணால பார்த்துச் சுத்தம் பண்ணி, அந்தக் குழிய நிரப்போணும். எங்கிட்ட இருக்கிற லேசர் அந்த வேலையச் செய்யாதுங்க. செய்யும்னு நான் காசு வாங்கினா அது பாவமுங்க."

அவ்வளவு பொறுமையாகச் சொல்லியும் நான் கேட்டது இது ஒன்றைத்தான்: "ரத்தம் ரொம்ப வருமாங்க?"

"வருமுங்க. நாங்க நிறுத்திருவோமுங்க."

லேசர் முதலில் நடந்தது. அதிலும் மரத்துப்போக ஊசி உண்டு. ஊசியே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. பேனா மாதிரி ஒன்றின் நுனி ஈறில் படும்போது சின்னச் சத்தம், கோழி வாட்டுகிற மாதிரி ஒரு வாசம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பஞ்சில் ரத்தம் பட்டதும் படாததுமாக இருந்தது. கண்ணாடியில் காட்டினார்கள். மூடியிருந்த முன்பல் முழுசாகத் தெரிந்தது. சாயந்திரமே மோர்ச்சோறு சாப்பிட்டேன். ஆனால் மூன்றாம் நாள் சீவிய இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஆடை மாதிரி படர்ந்து எரிய ஆரம்பித்தது. புண் ஆறுவது அப்படித்தானாம், சீழ் இல்லை. வாரம் பூராவும் காரம் சேர்க்க முடியவில்லை. மிளகாய் அரைக்கிறவன் ஒரு வாரம் உப்பு மட்டும் போட்ட கஞ்சி குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கத்தி. அன்றைக்குக் காலையில் அம்மன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். கன்னத்தில் அலகு வாங்குகிறவனுக்குக் கத்திக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வலிக்குப் பயம் இல்லை. ரத்தத்தைப் பார்க்கத்தான் பயம்.

நாலு இடத்தில் ஊசி போட்டார்கள். மரத்த பிறகு வலி தெரியவில்லை, அமுக்குவதும் இழுப்பதும் மட்டும் தெரியும். ஈறைக் கீறி ஒரு கதவு மாதிரி தூக்கி, வேரைச் சுரண்டினார்கள். அந்தச் சுரண்டல் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கிறது. சின்னக் குழாய் ஒன்று வாயில் சேர்வதை எல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்துவிட்டேன். நர்ஸ் கையில் இருந்த பஞ்சு நல்ல சிவப்பு. கண்ணை மூடி அம்மன் பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். வாய் அசையக் கூடாது என்பதால் மனசுக்குள்தான். நர்ஸ் பெண்ணுக்கு என்ன தெரிந்ததோ, "ஐயா, கையை விரிச்சு வைங்க, முறுக்காதீங்க" என்று என் கைவிரலைப் பிரித்துவிட்டாள். எலும்புக் குழியில் பொடி மாதிரி ஒன்றை வைத்து, கறுப்பு நூலால் தைத்து, மேலே ரோஸ் நிறத்தில் களிமண் போல ஒன்றை அப்பினார்கள். ஒன்றேகால் மணி நேரம்.

மூன்று நாள் கன்னம் வீங்கிக் கிடந்தது. முதல் நாள் எச்சில் தலையணையில் ரோஸாகப் பட்டதைப் பார்த்து நான் கலங்கிப்போனேன். கவிதா டாக்டருக்குப் போன் போட்டாள். எச்சில் லேசாக ரோஸாக இருந்தால் பயமில்லை, கட்டி கட்டியாகவோ நிற்காமலோ வந்தால் உடனே வர வேண்டும், அடிக்கடி கொப்பளித்துத் துப்பக் கூடாது என்றார். சொன்னபடி நின்றுவிட்டது.

அந்த நாட்களில் வீட்டார் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கவிதா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஐஸ் வைத்து எடுக்க போனில் மணி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செல்வி எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தாள். அவளும் அதையே குடித்தாள். "ஒனக்கு எதுக்குடி இது?" என்று சைகையில் கேட்டேன். "ஒராளுக்குத் தனியா வெஞ்சனம் வைக்கச் சோம்பலா இருக்கு" என்றாள். சோம்பல் எல்லாம் இல்லை. நான்கு நாள் மில்லையும் அவள்தான் ஓட்டினாள். மாவு இப்போதுதான் நைசாக வருகிறது, நீங்கள் மெதுவாகவே வாருங்கள் என்று ஊர்ப் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது எட்டு இருந்த இடம் நாலு ஆகியிருந்தது. அதுவரை லேசாக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் பிடித்து நின்றது. ஈறு கொஞ்சம் மேலேறி, பல் நீளமாகத் தெரியும். குளிர்ந்த தண்ணீர் கூசும். மற்றபடி இரண்டு பக்கத்திலும் மென்று சாப்பிடுகிறேன். எது நல்லது என்று கேட்டால், லேசரில் ரத்தமும் தையலும் இல்லை, ஆனால் செலவு அதிகம். கத்தியில் வீக்கமும் தையலும் உண்டு, ஆனால் ஆழத்தில் இருந்த நோயை எனக்கு எடுத்தது அதுதான். எந்த இடத்துக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நானோ நீங்களோ ஆசைப்பட்டு எடுக்கிற முடிவு இல்லை.

இது வரை நடந்ததை அப்படியே சொல்லியிருந்தால் நான் நல்ல மனுஷன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வருஷம் புண் ஆறவில்லை என்று அலகு குத்தாமல் நின்றேன். மில்லுக்கு வந்தவர்கள் எல்லாம் காரணம் கேட்டார்கள். "ஈறுல லேசர் வச்சேன். ஒரு சொட்டு ரத்தம் வரலையே!" என்றேன். கத்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. மில் என்றால் பத்து ஊர் ஆள் வந்து காத்திருக்கிற இடம். பேச்சு மாவோடு மாவாக ஊருக்கு ஊர் போனது. "பாதியச் சொல்லிப் பாதிய முழுங்குறீக" என்றாள் செல்வி. கேட்கிறவர்களை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

செல்வியின் அண்ணன் வெள்ளைச்சாமி, எனக்கு மச்சான். ஆயக்குடியில் இருந்து கொய்யா எடுத்து வந்து திண்டுக்கல்லில் தள்ளுவண்டியில் விற்கிறார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மில்லுக்கு வந்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்தார். இடது கீழ்க் கடைவாயில் மூன்று பல் இல்லை.

"என்ன மச்சான் இது?"

"கொய்யா விக்கிறவன் வாழப்பழம் திங்கிறேன் மாப்ள. அம்புட்டுத்தான்."

பிறகுதான் விவரம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து, ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். இவர் போகவில்லை. "கத்தி வைக்கணும்னாக. எங்க மாப்ளைக்கு லேசர்லயே ஒரு சொட்டு ரத்தமில்லாமச் சரியாச்சு, எனக்கு எதுக்குக் கத்தின்னு வந்துட்டேன். லேசருக்குப் பணம் சேரட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள ஒண்ணு ஒண்ணாக் கழண்டுக்கிருச்சு."

மில்லை நிறுத்தினேன். அங்கேயே, மிளகாய் மூட்டை மேல் அவரை உட்காரவைத்து, என் வாயைத் திறந்து தையல் போட்ட இடத்தைக் காட்டினேன். ரத்தத்தை மறைத்ததையும், அலகு, விரதம், பயம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மாப்ள, எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல? நான் என்ன ஊரக் கூட்டித் தண்டோராவா போட்டிருப்பேன்?"

அழுதுவிட்டேன். அவர்தான் துண்டை எடுத்துக் கொடுத்தார், அதில் மிளகாய்ப்பொடி இருந்தது. இரண்டு பேருக்கும் கண் எரிந்து, அந்த நேரத்திலும் சிரிக்கும்படி ஆனது.

அன்று சாயந்திரமே கோயில் பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அலகு குத்த எனக்கு இனித் தகுதி உண்டா என்று கேட்டேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்: "ரத்தம் வராதுன்னு யாருப்பா சொன்னது? சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது. வந்தா நான் திருநீற அப்பி அமுக்கிருவேன். ஒனக்கே ரெண்டு தடவ வந்துச்சு." நான் அவரையே பார்த்தேன். "நீ நல்லபடியாச் சுத்தி வந்துட்ட. அப்பறம் அதச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஒடம்பு குடுத்தவ அவ. அதுல ரத்தம் ஓடுறது அவளுக்குத் தெரியாதா?" அதற்கப்புறம் என் பக்திக்கு ஒரு குறையும் வரவில்லை. பயம்தான் போனது.

மச்சானுக்கு வலது பக்கம் இன்னும் காப்பாற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கத்தி வைத்துத்தான். நானே கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் அவருக்கு ஒன்று விடாமல் சொன்னேன். ஊசி எத்தனை இடத்தில் ஏறும், சுரண்டும் சத்தம் எப்படிக் கேட்கும், பஞ்சு சிவப்பாக இருக்கும், பார்த்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் தலையணையில் என்ன பார்க்கலாம், எது வந்தால் ஓடிவர வேண்டும், எல்லாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேரைக் கூப்பிட்டதும் தானாக எழுந்து உள்ளே போனார்.

வெளியே வரும்போது கன்னம் உப்பி, வாயில் பஞ்சு. பேசக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. "நீ சொன்னது அம்புட்டும் அப்பிடியே நடந்துச்சு மாப்ள. அந்தச் சத்தம் மட்டும் நீ சொன்னதவிட மோசம்" என்றார். போன மாதம் அளந்தார்கள். அந்தப் பக்கத்துப் பல் அத்தனையும் நிற்கிறது. அம்மன் கிருபை, அந்த ஆஸ்பத்திரிக்காரர்களின் கை.

படிக்கிற உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பல் விளக்கும்போது ரத்தம் வருகிறவர்கள் இருந்தால் இதைக் கொடுங்கள். வாசித்துக் காட்டுங்கள், போனில் அனுப்புங்கள். ஆனால் பயந்துவிடுவார்களே என்று எதையும் எடுத்துவிடாதீர்கள், நல்லதாக இருக்கட்டும் என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். மச்சான் சொன்னதால் அந்தச் சத்தத்தை மட்டும் நான் எழுதியதைவிடக் கொஞ்சம் மோசமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி லேசரின் எரிச்சலும், கத்தியும், தையலும், சிவந்த பஞ்சும், நான் சொன்ன பொய்யும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.